பத்து மணி நேரமும் ஒரு பழைய கடற்கரையும்

இரவு சென்னையில் விமானம் ஏறினால் பொழுது விடிகிற வேளையில் சிங்கப்பூர் சாங்கியில் இறங்கலாம். அங்கிருந்து மெல்பர்னுக்கோ ஆக்லாந்துக்கோ டோக்கியோவுக்கோ போகிறவருக்கு அடுத்த விமானம் சில சமயம் சாயங்காலம்தான் வாய்க்கும். டிக்கெட் எடுக்கும்போதே மனசு சுணங்கும், நடுவில் இருக்கும் பத்து மணி நேரத்தை என்ன செய்வது என்று. பெரும்பாலானவர்கள் அதை விமான நிலையத்துக்குள்ளேயே கழித்துவிடுகிறார்கள். கால் நீட்ட ஒரு நாற்காலி, போனுக்கு ஒரு சார்ஜர் முனை, நடுநடுவே எழுந்துபோய் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு வருவது என்று பொழுது போய்விடுகிறது.

சாங்கியில் அப்படி உட்கார்ந்திருப்பது கஷ்டமும் இல்லை. 1981-இல் திறந்த காலத்திலிருந்தே பயணிகளைச் சௌகரியமாக வைத்துக்கொள்வதில் பேர் வாங்கிய நிலையம் அது. 2019-இல் திறந்த ஜுவல் கட்டடத்தில் கூரையின் நடுவிலிருந்து 40 மீட்டர் உயரத்துக்கு அருவி கொட்டுகிறது. ஆனால் அந்த ஜுவல் இருப்பது குடிநுழைவுச் சோதனைக்கு வெளியே. அருவியைப் பார்க்கவே கடவுச்சீட்டை நீட்டி வெளியே வர வேண்டும் என்றால், இன்னும் ஒரு மணி நேரம் ரயிலில் போய் ஊரையே பார்த்துவிடலாமே.

முதலில் காகித வேலை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். ஆனால் வேறொரு நாட்டுக்குப் போகும் வழியில், அல்லது அங்கிருந்து திரும்பும் வழியில் இறங்குகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகியவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவும், 96 மணி நேரத்துக்குள் கிளம்பும் உறுதியான டிக்கெட்டும் கையில் இருந்தால், தனி விசா இல்லாமலே வெளியே வர விண்ணப்பிக்கலாம். இதில் உட்பிரிவுகள் பல. கிளம்புவதற்கு முன் சிங்கப்பூர் குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம். இலங்கையர்களுக்கும் மலேசியர்களுக்கும் குறுகிய வருகைக்கு விசாவே தேவையில்லை. வெளியூர்ப் பயணி எந்த நாட்டவராக இருந்தாலும், வெளியே வர வேண்டுமானால் வருகை அட்டையை முன்கூட்டியே இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கிற தளம் எதுவும் அரசாங்கத் தளம் அல்ல.

பெட்டி விஷயமும் உண்டு. ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானங்களும் இருந்தால் பெரும்பாலும் பெட்டி நேராக அடுத்த விமானத்துக்குப் போய்விடும். தனித்தனியாக எடுத்த டிக்கெட் என்றால் தானே எடுத்து, நிலையத்திலுள்ள பாதுகாப்பு அறையில் கட்டணம் கட்டி வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும். ஊருக்குள் இழுத்துக்கொண்டு போகலாம் என்று நினைக்கவே வேண்டாம். பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரிக்குச் சற்று வடக்கே இருக்கும் ஊர் அது. வருஷம் முழுக்கப் புழுக்கம். மத்தியானத்துக்கு மேல் மழை எப்போது வேண்டுமானாலும் கொட்டும். கைப்பையும் குடையும் போதும்.

இனி நேரக் கணக்கு. விமானத்தை விட்டு இறங்கிக் குடிநுழைவைத் தாண்ட ஒரு மணி நேரம். ஊருக்குப் போக ஒரு மணி, திரும்பி வர ஒரு மணி. அடுத்த விமானத்துக்கு இரண்டு மணி நேரமாவது முன்னால் நிலையத்தில் இருக்க வேண்டும். பத்தில் ஐந்து போய்விட்டது. மிச்சம் ஐந்து மணி நேரம்தான் நகரத்துக்கு.

இந்த ஐந்து மணி நேரத்துக்குள் மெர்லயன் சிலை, மரினா பே பூங்கா, ஆர்ச்சர்ட் ரோடு, செந்தோசா, சிராங்கூன் ரோடு என்று ஐந்து இடத்தையும் அடைக்கப் பார்ப்பவர்கள்தான் அதிகம். அவர்கள் பார்ப்பதெல்லாம் ரயில் நிலையங்களும் வரிசைகளும்தான். வயதானவர்களோடும் சின்னக் குழந்தைகளோடும் வருகிறவர்களுக்கு நல்ல மாற்று ஒன்று உண்டு. ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், 24 மணி நேரத்துக்குள் காத்திருக்கும் பயணிகளைச் சாங்கி நிலையமே இலவசமாகப் பேருந்தில் ஏற்றி, சுமார் இரண்டரை மணி நேரம் ஊரைச் சுற்றிக் காட்டி அழைத்துவருகிறது. நடக்கத் தெம்பு உள்ளவர்கள் செய்ய வேண்டியது வேறு. ஒரே ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து, அதை நிதானமாகப் பார்ப்பது.

தமிழர்களின் கால் தானாகவே சிராங்கூன் ரோட்டுப் பக்கம் போகும். தேக்கா சந்தை, 1947-லிருந்து நடக்கும் கோமள விலாஸ், பூக்கடைகள் எல்லாம் மனசுக்கு நெருக்கமானவைதான். ஆனால் முந்தின இரவு சென்னையில் சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு அந்த இட்லி சாம்பாருக்கு அவ்வளவு அவசரம் இல்லை. இடைவழிப் பயணி பார்க்க வேண்டிய தெரு தெலுக் ஆயர் ஸ்திரீட்.

அதற்குக் காரணம் இருக்கிறது. வழியில் இறங்கிக் காத்திருப்பது இந்த ஊருக்கு விமானத்தோடு வந்த பழக்கம் அல்ல. பாய்மரக் கப்பல் காலத்தில் சீனக் கப்பல்கள் வடகிழக்குப் பருவக்காற்றைப் பிடித்துத் தெற்கே இறங்கி வரும். திரும்பிப் போகத் தென்மேற்குக் காற்று எழ வேண்டும். நம் கரையிலிருந்து கிளம்பும் கப்பல்களுக்கு இதுவே தலைகீழ். தென்மேற்குக் காற்று அவற்றைக் கிழக்கே கொண்டுபோகும், வடகிழக்குக் காற்று திருப்பிக் கொண்டுவரும். இரண்டு காற்றுக்கும் நடுவில் மாதக்கணக்கில் காத்திருப்பு. சரக்கை இறக்கி, விற்று, வாங்கி, பழுது பார்த்து, காற்று மாறுகிற வரை தங்க ஒரு துறை வேண்டும். மலாக்கா நீரிணையின் துறைமுகங்கள் தழைத்தது அந்தத் தேவையில்தான். 1819 ஜனவரி 29-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கரையிறங்கியதும் இந்தப் போக்குவரத்தைக் கணக்கில் வைத்துத்தான். 1845-இல் நீராவித் தபால் கப்பல் வரத் தொடங்கி, 1869-இல் சூயஸ் கால்வாயும் திறந்த பிறகு காத்திருப்பு மாதங்களிலிருந்து நாட்களாகச் சுருங்கியது. இன்று அது பத்து மணி நேரம்.

அன்று கப்பலில் வந்த சீனர்களும் தமிழர்களும் படகில் வந்து கால் வைத்த கடற்கரை தெலுக் ஆயர். இப்போது அங்கே கடல் இல்லை, தெருவின் எந்த முனையில் நின்றாலும் கண்ணாடிக் கோபுரங்கள்தான் தெரியும். ஆனால் கரையேறியவர்கள் கட்டிய கோயில்களும் பள்ளிவாசல்களும் பழைய கடற்கரைக் கோட்டிலேயே வரிசையாக நிற்கின்றன.

சாங்கியிலிருந்து போவது எளிது. விமான நிலைய ரயிலில் ஏறி அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி, டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் நேராகத் தெலுக் ஆயர் நிலையம். தனியாக டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. தொட்டுச் செலுத்தும் வசதியுள்ள வங்கி அட்டையை வாயிலில் காட்டினால் போதும். நம் ஊர் வங்கி அட்டைக்குச் சிறு கூடுதல் கட்டணம் பிடிப்பார்கள். பெயர்ப் பலகையில் ‘தெலுக் ஆயர்’ என்று தமிழிலும் எழுதியிருக்கும். சிங்கப்பூரின் நான்கு அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்று தமிழ். பலமுறை வந்து போனவரும் அந்தப் பலகையின் முன் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் நகர்கிறார்.

தெருவின் வடக்குப் பக்கத்தில் ஃபுக் தக் சி. ஹக்கா, கான்டனீஸ் மக்கள் 1824-இல் எழுப்பிய கோயில், சிங்கப்பூரின் மிகப் பழைய சீனக் கோயில்களில் ஒன்று. 1998 முதல் சிறிய அருங்காட்சியகமாக இருக்கிறது. உள்ளே பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தெலுக் ஆயரைக் குட்டி உருவங்களால் செய்து வைத்திருக்கிறார்கள். தெருவில் நடக்கும் முன் அதைப் பார்த்துவிட்டால், வெளியே வந்ததும் எந்தப் பக்கம் அலை அடித்தது என்று புத்தியில் பதிந்துவிடும்.

அங்கிருந்து தெற்கே நடந்தால் பூன் டாட் ஸ்திரீட் முனையில் நாகூர் தர்கா. 1828-க்கும் 1830-க்கும் இடையில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. 1974-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்குகிறது.

இதன் முகப்பை எதிர்ப்பக்கம் நின்று ஒருமுறையும், சுவரோடு நெருங்கி நின்று ஒருமுறையும் பார்க்க வேண்டும். கீழே பெரிய வளைவு வாசல்களும் மேல்நாட்டுப் பாணித் தூண்களும். பார்வையை மேலே கொண்டுபோனால் அதே மாளிகையைக் கைக்குள் அடங்குகிற அளவுக்குச் சுருக்கி உச்சியில் வைத்தது போல் குட்டி வளைவுகள், குட்டித் தூண்கள், துளையிட்ட சுதைத் தடுப்புகள். மூலைகளில் தட்டுத் தட்டாக ஏறும் மினாராக்கள். ஊரிலிருந்த நாகூர் ஆண்டவர் தர்காவை மனசில் வைத்துக்கொண்டு, இங்கே கிடைத்த கைவேலைக்காரர்களையும் இங்கே பார்த்துப் பழகிய கட்டடப் பாணியையும் கொண்டு எழுப்பியிருக்கிறார்கள் என்று தோன்றும். நாகூரில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மர் கட்டிக்கொடுத்த பெரிய மினாரா 131 அடி உயரம். இங்கே அந்த உயரம் கிடையாது, நாகூர் ஆண்டவரான ஷாகுல் ஹமீது ஆண்டகையின் அடக்கத்தலமும் கிடையாது. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவரிடம்தான் கடலோடிகள் புயலிலும் சுழியிலும் காவல் கேட்டார்கள். உயிரோடு கரை சேர்ந்தவர்கள் நேர்ச்சையை நிறைவேற்ற நாகூர் திரும்பும் வரை காத்திருக்க முடியாது. இறங்கிய இடத்திலேயே ஒரு வாசல் வேண்டியிருந்தது. பினாங்கிலும் இப்படி ஒரு நாகூர் தர்கா உண்டு.

பழைய நாகப்பட்டினம், தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் இந்தக் கடல்வழி இன்னும் பேச்சில் இருக்கிறது. 1926 முதல் 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ‘ரஜுலா’ கப்பலை அறியாத பெரியவர்கள் அந்தப் பக்கம் குறைவு. மேல்தளத்தில் பாய் விரித்து, கட்டுச்சோற்றைப் பிரித்து, ஏறக்குறைய ஒரு வாரம் கடலில் கிடந்தவர்கள் அதில் ஆயிரக்கணக்கானோர். அதற்குப் பின் ஓடிய ‘சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. பலர் இறந்தார்கள், அத்தோடு அந்தப் பயணக் கப்பல் சேவையும் நின்றது. நாலு மணி நேரச் சொச்சத்தில் வந்து இறங்கிய பயணி இந்தத் தர்கா வாசலில் நிற்கும்போது, அதே தூரத்துக்கு முன்பு என்ன விலை இருந்தது என்பது உறைக்கும்.

தர்காவை அடுத்து ஒரு சிறு பசுந்திடல். அதைத் தாண்டினால் தியன் ஹோக் கெங். ஃபூஜியனிலிருந்து வந்த ஹொக்கியன் மக்கள் 1839 முதல் 1842 வரை கட்டிய கோயில். பெரும் பணம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் டான் டோக் செங். சிங்கப்பூரின் பெரிய மருத்துவமனை ஒன்று இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. தெய்வம் மாசூ, கடலோடிகளைக் காக்கும் அம்மன். இரண்டு வாசலுக்கும் நடுவே நடை தூரம் ஒரு நிமிஷம் இருக்கலாம். ஒன்றில் நாகப்பட்டினத்துக்காரர்கள், இன்னொன்றில் ஃபூஜியன்காரர்கள். இரண்டு பேரும் சொல்ல வந்தது ஒன்றேதான்: பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தாய், நன்றி.

தியன் ஹோக் கெங்கில் கூரையின் உட்புறம் பார்க்கத் தக்கது. மரத்தோடு மரத்தைக் கோத்து, ஆணி இல்லாமல் நிறுத்தியது என்பது அந்தக் கோயிலின் பெருமை. விட்டத்துக்கு மேல் விட்டமாகச் சிவப்பும் பொன்னுமாய் அடுக்கு ஏறுகிறது. நடுமுற்றத்தில் வானம் திறந்திருப்பதால் ஊதுபத்திப் புகை மேலே போய்விடும், கண் எரியாது. வெளியே வந்து பின்பக்கம் அமோய் ஸ்திரீட்டுக்குப் போனால், கோயிலின் பின்சுவர் முழுக்க நாற்பது மீட்டருக்கு மேல் நீளும் ஓவியம். இப் யூ சோங் 2017-இல் வரைந்தது. கப்பலேறிய ஹொக்கியன் மக்களின் கதையைச் சுவரோடு நடந்துகொண்டே பார்க்கலாம்.

தெருவில் இன்னும் கொஞ்சம் போனால் அல்-அப்ரார் பள்ளிவாசல். 1827-இல் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கியபோது குடிசையாக இருந்தது, அதனால் குச்சுப் பள்ளி என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. கடை வீடுகளோடு வரிசையாக ஒட்டி நிற்பதால் கவனிக்காமல் தாண்டிவிடுவது சுலபம். தெரு முடியும் இடத்தில் 1920-களில் கட்டிய சீன மெதடிஸ்ட் தேவாலயம். அதன் உச்சியில் சீன மண்டபக் கூரை.

பன்னிரண்டு மணிக்குள் பசிக்கும். இந்திய நேரத்தைவிடச் சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, ஆனாலும் இரவுத் தூக்கம் கெட்ட வயிறு கடிகாரம் பார்ப்பதில்லை. அமோய் ஸ்திரீட் உணவங்காடி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. அலுவலகக்காரர்கள் கூட்டமாக வந்து இறங்குவதற்கு முன் போய்விடுவது நல்லது. காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது யாரோ விட்டுப்போன பொருள் அல்ல, இடம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டுபோய் அதற்கான இடத்தில் வைக்க வேண்டும். 2021 முதல் இது சட்டம், வைக்காமல் போனால் முதலில் எச்சரிக்கை, மறுபடி செய்தால் அபராதம். சைவம் சாப்பிடுகிறவர்களும் பன்றி, மாட்டிறைச்சி தவிர்க்கிறவர்களும் வாய்விட்டுக் கேட்பதே உத்தமம். ஹலால் கடைகளில் சான்றிதழ் ஒட்டியிருக்கும்.

கோப்பிக் கடை முன்னால் மட்டும் அவசரப்படாமல் நின்று பார்க்க வேண்டும். கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பதால் தூள் கன்னங்கரேல் என்று இருக்கும். நீளமான துணிப்பையில் தூளைப் போட்டு, கொதிநீரை ஊற்றி, ஒரு தகரக் குவளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி இறக்குகிறார் கடைக்காரர். கண்ணாடி டம்ளரின் அடியில் டின்பால் வெள்ளையாகப் படிந்திருக்கும், அதன் மேல் கறுப்பு விழும். ‘கோப்பி’ என்றால் டின்பால் போட்டது, ‘கோப்பி ஓ’ என்றால் பால் இல்லாமல் சர்க்கரை மட்டும், ‘கொசோங்’ என்று சேர்த்துச் சொன்னால் சர்க்கரையும் வேண்டாம். கும்பகோணம் டிகிரி காப்பியில் ஊறிய நாக்கு முதல் வாய்க்குத் திகைக்கும். இரண்டாம் வாய்க்கு அந்தக் கருகல் இனிப்பு பிடித்துப்போகும். இந்த உணவங்காடிக் கலாசாரத்தை 2020-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஒரே கூரையின் கீழ் மலாய்க்காரர், சீனர், தமிழர் கடைகளில் வாங்கி ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற பழக்கத்துக்கு அந்த மரியாதை தகும்.

நேரம் இன்னும் மிச்சமிருந்தால் ஆன் சியாங் குன்றின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் சவுத் பிரிட்ஜ் ரோடு. சூலியாக்கள் எனப்பட்ட சோழமண்டலக் கரைத் தமிழ் முஸ்லிம்கள் 1826-இல் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசலும், 1827-இல் தொடங்கிய மாரியம்மன் கோயிலும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. ராஃபிள்ஸுடன் 1819-இல் பினாங்கிலிருந்து வந்து, செங்கல் சூளை போட்டுச் சம்பாதித்த நாராயண பிள்ளைதான் மாரியம்மன் கோயிலின் மூலவித்து. முதலில் மரமும் ஓலையுமாக இருந்தது. 2023 பிப்ரவரியில் குடமுழுக்கு நடந்தபோது கோபுரத்தின் வண்ணங்கள் புதுப்பொலிவு பெற்றன. ஐப்பசித் தீமிதிக்குச் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து இரவோடு இரவாகப் பக்தர்கள் இங்கே நடந்து வருகிறார்கள். ஒன்று கவனிக்க வேண்டும். உச்சிவேளைக்கு நடை சாத்திவிட்டால் சாயங்காலம்தான் திறப்பார்கள். காலையில் வந்து இறங்குகிறவர்கள் இந்தக் கோயிலில் தொடங்கித் தெலுக் ஆயருக்குப் போவது புத்திசாலித்தனம்.

கடல் எங்கே போனது என்ற கேள்வி நடக்கும்போதெல்லாம் கூடவே வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் தெலுக் ஆயர் விரிகுடாவைத் தூர்க்கத் தொடங்கினார்கள். எட்டு மூலையோடு வார்ப்பிரும்புத் தூண்களில் நிற்கும் லாவ் பா சாட் சந்தை, அப்படித் தூர்த்த மண்ணில் 1894-இல் எழுந்தது. அதன் பிறகும் கரை தள்ளிக்கொண்டே போனது. மெர்லயன் சிலைக்கு முன்னால் பரந்து கிடக்கும் நீரைக் கடல் என்றுதான் பலர் எண்ணுகிறார்கள். 2008-இல் மரினா அணைக்கட்டு வந்தபின் அந்த விரிகுடா நன்னீர்த் தேக்கமாகிவிட்டது, நகரத்தின் குடிநீர் ஆதாரங்களில் அதுவும் ஒன்று. தெலுக் ஆயரிலிருந்து மெர்லயன் கால் மணி, இருபது நிமிஷ நடைதான். படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் போகலாம். மழை மேகம் கூடியிருந்தால் விட்டுவிடலாம், பெரிய நஷ்டம் இல்லை.

திரும்பும்போது அலுவலகம் விடும் நேரத்து ரயில் நெரிசலைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஆறு மணிக்குப் பிறகு விமானம் என்றால் மூன்று மணிக்கே ரயிலில் இருப்பது நல்லது. எந்த முனையம் என்று ஏறும் முன்னே பார்த்துக்கொள்ளுங்கள். ரயில் நிற்பது இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு நடுவில்தான், நான்காம் முனையத்துக்கு அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். இன்னொன்று, சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை பெரும்பாலும் விமானம் ஏறும் வாயிலிலேயே நடக்கிறது. குடிநுழைவைச் சட்டென்று தாண்டிவிட்டோம் என்று கடைகளில் நிதானமாக நின்றவர்கள் கடைசியில் அந்த வாயில் வரிசையில் தவிக்கிறார்கள். வாங்கிய தண்ணீர் பாட்டிலை அங்கே போட்டுவிட வேண்டும். காலிப் பாட்டில் என்றால் கூடவே எடுத்துப் போகலாம்.